கணக்கில் சேராத காயம்

மைசூரில் எங்கள் அக்ரஹாரத் தெருமுனையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு கூட்டம் சேருகிறது. தலையில் ஹெல்மெட், கையில் கையுறை, தடித்த டயர் போட்ட பளபளக்கும் சைக்கிள்கள். சாமுண்டி மலையின் மண்தடங்களில் சரசரவென்று இறங்குவதற்காகப் போகிறவர்கள். அந்தச் சைக்கிளுக்கு மௌன்டன் பைக் என்று பெயராம். அவர்களில் ரம்யா என்றொரு பெண் போன மாதம் என் வீட்டுக்கு வந்தாள். "ஆன்ட்டி, நீங்க அந்தக் காலத்துலயே மலைக்குச் சைக்கிள்ல போனவங்களாமே. எங்க கிளப் மலருக்கு ஜாலியா ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றாள்.

ஜாலியாக எழுதவும் என்னிடம் விஷயம் இருக்கிறது. ஆனால் பேனாவை எடுத்தால் அது நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறது. நான் என்ன செய்ய? ரம்யா, இதை மலரில் போடாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை. உங்கள் கூட்டத்தில் எல்லோரும் ஒரு தடவை படித்துவிட்டால் போதும்.

என் கணவர் ராகவன் மலைத்தடத்தில் சைக்கிளிலிருந்து விழுந்து, ஆஸ்பத்திரியில் சில வாரங்கள் கிடந்து, இறந்துபோனார். பிழைத்தாரா இல்லையா என்று உங்களைக் கடைசிவரை காக்கவைப்பதில் எனக்கு இஷ்டமில்லை. நாங்கள் அப்படிக் காத்திருந்ததே போதும்.

எங்கள் ராஜ்யத்துக்கு மைசூர் என்ற பெயர் போய்க் கர்நாடகா என்று பெயர் வந்த புதிது. ராகவன் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குப் படம் வரைபவர். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற என் அப்பா எங்களோடு இருந்தார். தேவராஜ மொஹல்லாவில் சைக்கிள் கடை வைத்திருந்த மஹாதேவாதான் எங்கள் கூட்டத்துக்குத் தலைவர், மெக்கானிக், வாயாடி எல்லாம். ஆபீஸ் போகும் சாதாரண கறுப்புச் சைக்கிளை எடுத்து மட்கார்டு, கேரியர், செயின் கவர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிடுவார். ஹேண்டில் பிடியில் இருக்கும் ரப்பரையும் உருவிவிடுவார். வேர்வையில் வழுக்குமாம். அதற்குப் பதில் கிழிந்த வேட்டித் துணியை இறுக்கிச் சுற்றிக்கொள்வார்கள். குழாயின் முனை மட்டும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

ரோடு வழியாக எல்லோரும் மலை ஏறுவோம். நான் பாதித் தூரம் தள்ளிக்கொண்டுதான் ஏறுவேன். புடவை கட்டிக்கொண்டு ஒருத்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மலை ஏறுவதைப் பார்க்க பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் பக்கம் சாய்வார்கள். இறங்கும்போது நான் ரோடு வழியாகவே வந்துவிடுவேன். அவர்கள் பின்பக்கத்து மண்தடத்தில் பாறையும் வேரும் பார்க்காமல் இறங்குவார்கள். அப்புறம் எல்லோரும் தோசைக் கடை.

அந்தத் தோசையில் ஒரு சட்டம் உண்டு. யார் விழுந்தாரோ அவர்தான் எல்லோருக்கும் தோசை வாங்கித் தரவேண்டும். விழுந்தது எது, சும்மா சாய்ந்தது எது என்று வாராவாரம் வழக்கு நடக்கும். மஹாதேவாதான் நீதிபதி. "ரக்த பர்லில்ல அந்த்ரே பித்தங்கே அல்ல" என்பது அவர் தீர்ப்பு. ரத்தம் வராவிட்டால் விழுந்த மாதிரியே இல்லை என்று அர்த்தம். காசு யாருக்கும் பெரிதில்லை. ஆனால் தோசை வாங்கித் தருகிறவரை அடுத்த ஞாயிறுவரை வைத்து வறுத்தெடுப்பார்கள். ராகவன் அதுவரை ஒரு தடவைகூட வாங்கித் தந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குத் தலைக்குமேல் இருந்தது.

அவர் விழுந்த அந்த ஞாயிறு நான் ரோடு வழியாக இறங்கி வந்தபோது ஒரே சிரிப்பாக இருந்தது. ராகவன் தன் சட்டையை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்கய்யா, எங்க ரத்தம்? ஒரு சொட்டு காட்டுங்க, நான் நெய் தோசையே போடறேன்."

"சைக்கிள் மேல இருந்த ஆளு கீழ இருந்தாரு, அதுக்கு என்ன பேருங்க?" என்றார் மஹாதேவா. கடைக்கு வரும் கொள்ளேகால்காரர்களிடம் பழகிய தமிழ் அவருடையது.

"இறங்கினேன்."

தீர்ப்பு ராகவனுக்குச் சாதகமாக ஆயிற்று. அன்றைக்கு அவரவர் தோசைக்கு அவரவரே கொடுத்தோம். அவர் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்றைப் பாதியில் வைத்தார். எனக்கு வித்தியாசமாகத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை வயிறு வலிக்கிறது என்றார். பக்கத்துத் தெரு டாக்டரிடம் போய், தோசை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று தானே நோயையும் சொல்லி, குடிக்கிற மருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்தார். விழுந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. மறைக்கவேண்டும் என்று மறைத்தாரா? இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமை. விழவில்லை என்று தீர்ப்பான பிறகு, விழுந்ததாக அவருக்கே தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை வாந்தி. முட்டியை மடக்கிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தவர் நிமிரவே மறுத்தார். தொப்புளைச் சுற்றிப் பெருங்காயம் குழைத்துப் போடலாம் என்று பனியனைத் தூக்கினேன். தொப்புளுக்கு மேலே, எட்டணாக் காசு அளவுக்கு, நீலமாக ஒரு வட்டம். உள்ளே தோல் வெள்ளையாக இருந்தது, விளிம்பு மட்டும் நீலம். குழாயின் வாய் அப்படியே பதிந்திருந்தது.

"இது என்னங்க?"

"ஹேண்டில் குத்திச்சு. ஒண்ணுமில்ல விஜயா. ரத்தமே வரல."

அப்பா எட்டிப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய் ஜட்கா கூட்டி வந்தார். வண்டி குலுங்கினால் ராகவன் முனகினார் என்று ஜட்காக்காரர் இறங்கி, குதிரையின் வாய்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை நடந்தே வந்தார். அவர் பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சுகளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு, ரத்தம் எடுக்கும் இடத்தில் ஒரு பெஞ்சு, பெரிய டாக்டர் வரும்வரை ஒரு பெஞ்சு. ராகவனைச் சக்கரப் படுக்கையில் சுவரோரமாக விட்டிருந்தார்கள். போகிற வருகிறவர்களெல்லாம் "என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். அவர் எல்லோரிடமும் "வயித்து வலி" என்றே சொன்னார். நான் எல்லோரிடமும் "விழுந்துட்டார்" என்றேன்.

இப்போது இருப்பது போல உடம்புக்குள்ளே படம் பிடித்துக் காட்டும் மெஷினெல்லாம் அப்போது இங்கே இல்லை. வயிற்றில் ஒரு ஊசியைக் குத்தி உறிஞ்சிப் பார்த்தார்கள். பழுப்பும் சிவப்புமாக நீர் வந்தது. அதைப் பார்த்ததும் சர்ஜன் கையைக் கழுவப் போய்விட்டார். உடனே ஆபரேஷன் என்றார்கள்.

முடிந்து வெளியே வந்தபிறகு சர்ஜன் எனக்கும் அப்பாவுக்கும் கன்னடத்தில் பொறுமையாக விளக்கினார். வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்புக்குக் குறுக்கே, கணையம் என்று ஒரு உறுப்பு கிடக்கிறது. நாம் சாப்பிடுவதைக் கரைக்கிற நீர் அதில்தான் சுரக்கிறது. முன்னாலிருந்து குழாய் இடிக்க, பின்னால் எலும்பு தாங்க, அம்மிக்கும் குழவிக்கும் நடுவில் அகப்பட்ட மாதிரி அது நசுங்கி இரண்டாகிவிட்டது. அந்த நீர் இப்போது வயிற்றுக்குள் கசிகிறது. அதற்குச் சோறு எது, உடம்பு எது என்று தெரியாது.

"முதல் நாளே வந்திருந்தால்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்ல முடியாதம்மா. இப்போதையதைவிட நன்றாக இருந்திருக்கும்" என்றார். அவர் பொய் சொல்லாததற்கு நான் அவரிடம் இன்றுவரை மரியாதை வைத்திருக்கிறேன். அன்றைக்கு அவரைப் பிடிக்கவில்லை.

மூக்கு வழியாக ஒரு குழாய் வயிற்றுக்கு. விலாப் பக்கம் ஒரு குழாய் கட்டிலுக்குக் கீழே இருந்த பாட்டிலுக்கு. கையில் சலைன். அந்தப் பாட்டில்தான் எங்கள் பஞ்சாங்கம் ஆயிற்று. கசிவு குறைந்தால் உள்ளே ஆறுகிறது, கூடினால் ஆறவில்லை. ரயில்வேயில் காலமெல்லாம் ஆயில் அளவு பார்த்த அப்பா, காலையில் வந்ததும் குனிந்து பாட்டிலைப் பார்ப்பார். குறைந்திருந்தால் "மாப்பிள்ளை, இன்னைக்கு லைன் கிளியர்" என்பார். கூடியிருந்தால் விசிறியை எடுப்பார். குழாயைச் சுற்றி வழிந்த நீர் விலாத் தோலையே புண்ணாக்கியது. வெந்நீர் கொட்டியது போலச் சிவந்திருக்கும். நர்ஸ் சிஸ்டர் ஒருவர், மங்களூர்ப் பக்கத்துப் பெண், வெள்ளைக் களிம்பை ஒரு விரலால் அவ்வளவு மெதுவாகத் தடவுவார். அப்போது மட்டும் ராகவன் கண்ணை மூடுவார்.

வலியைவிடக் கொடியது தாகம். வாய் வழியாக ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு. எதை விழுங்கினாலும், தண்ணீராக இருந்தாலும், அந்தக் கணையம் விழித்துக்கொண்டு இன்னும் சுரக்குமாம். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றலாம், அவ்வளவுதான். வார்டு மூலையில் இருந்த மண்பானையையே ராகவன் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஒரே ஒரு மடக்கு, விஜயா. துப்பிடறேன்."

"துப்ப மாட்டீங்க."

"மாட்டேன்தான்" என்பார்.

நான் எழுந்து வெளியே போய்த் தூணுக்குப் பின்னால் நின்று அழுதுவிட்டு வருவேன். கணக்கு டீச்சர் அழுதுகொண்டே வந்தால் பையன்கள் கேலி செய்வார்கள் என்று இவரே சொன்னவர், என் கண்ணைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பக்கத்துக் கட்டிலில் கொள்ளேகாலிலிருந்து வந்த பட்டு நெசவாளர் ஒருவர். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆனவர். ராகவனுக்குத் தண்ணீர் கிடையாது என்று தெரிந்த நாளிலிருந்து அவர் வார்டுக்குள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். தையல் போட்ட வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, தட்டுத் தடுமாறி வராந்தாவுக்குப் போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார். "ஏனுங்க இந்தக் கஷ்டம், இங்கேயே குடிங்க" என்று ராகவன் சொன்னதற்கு, "காத்தாட நடந்தா நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க" என்றார். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

அப்பா வேறு வழி கண்டுபிடித்தார். மலையில் சைக்கிள் விடுவதைப் பைத்தியக்காரத்தனம் என்று வருஷக்கணக்காகச் சொல்லி வந்தவர் அவர். அதற்காகவே மாப்பிள்ளையோடு அளந்து பேசுகிறவர். இப்போது மத்தியானங்களில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, அந்தப் பின்பக்கத் தடம் எங்க ஆரம்பிக்குது?"

"பெரிய ஆலமரம் தாண்டி, மாமா. இடது பக்கம்."

"சரிவு எப்படி? ஒரேயடியாவா, விட்டு விட்டா?"

"மொதல்ல மெதுவா. அப்புறம் ஒரு வளைவு. அங்க பிரேக் போடக்கூடாது."

"வளைவுல பிரேக் இல்லாம எப்படிங்க? எங்க எஞ்சினே போகாதே."

"உடம்பை உள்பக்கம் சாய்க்கணும் மாமா."

இப்படி ஒவ்வொரு பாறையாக, ஒவ்வொரு வேராக, அந்தத் தடம் முழுவதையும் அப்பா அவரை இறங்கவைத்தார். பேசும்போது அவர் கண் பானையை விட்டு இங்கே வரும். அடிவாரம் வந்துவிட்டால் அப்பா இன்னொரு சந்தேகம் கேட்டு மறுபடி மேலே கொண்டுபோவார். எனக்கு அப்பாவின் மேல் இருந்த பழைய வருத்தமெல்லாம் அந்த நாற்காலியோடு போயிற்று.

எங்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் ரத்தம் கொடுத்தார்கள். வெளியே வாங்கவேண்டிய மருந்துகளை மஹாதேவாதான் ஓடி ஓடி வாங்கி வருவார். சீட்டை என் கையிலிருந்து வாங்கி, மருந்தை வார்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே வரமாட்டார். படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். என்னிடம் பேசும்போது தரையைப் பார்ப்பார்.

நடுவில் ஒரு நல்ல வாரம் வந்தது. பாட்டிலில் கசிவு நன்றாகக் குறைந்தது. ஜுரம் விட்டது. ராகவன் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்து, தலை வாரிவிடச் சொன்னார். சர்ஜன்கூட முதல் தடவையாகச் சிரித்தார். நான் மஹாதேவாவின் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தேன்.

"வாய்யா நீதிபதி" என்றார் ராகவன். குரல் காற்றாகத்தான் வந்தது. "அப்பீல் போட்டிருக்கேன். நான் விழுந்தேன். ஒத்துக்கறேன். அடுத்த தோசை என்னுது."

மஹாதேவா கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான்தானுங்க சொன்னேன், ரத்தம் இல்லேன்னு. சட்டையைத் தூக்கிப் பாத்திருக்கணும்" என்றார்.

"நீ பாத்திருந்தாலும் நான் தோசைக்குப் பயந்து காட்டியிருக்க மாட்டேன்."

ராகவன் சிரித்தார். சிரித்தால் தையல் வலிக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மஹாதேவா வராந்தாவுக்குப் போய் அங்கே சுவரில் நெற்றியை வைத்து நின்றதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் கடைக்கு வந்த ஒவ்வொரு சைக்கிளுக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஹேண்டில் முனையில் மரத்தக்கை அடித்து அடைத்துத்தான் அனுப்பினார். பஞ்சருக்கு வந்தவர்களுக்கும் அடித்தார். சிலர் சண்டைக்கு வந்தார்கள். அவர் அடுத்த தக்கையை எடுப்பார்.

நல்ல வாரம் வாரமாகவே முடிந்துபோயிற்று. ஒரு நாள் குளிர் வந்து கட்டிலே ஆடியது. பிறகு ஜுரம், பிறகு கண்ணில் மஞ்சள். உள்ளே சீழ் கட்டி, அது ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் சர்ஜன். மறுபடி திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். உடம்பு தாங்காது என்றார். மருந்தை மாற்றினார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து ஆலமரத்திலிருந்து ஆரம்பிப்பார். ராகவனுக்கு முதல் வளைவிலேயே நினைவு தப்பிவிடும். அப்பா சற்று நேரம் காத்திருந்துவிட்டு, தானே மீதித் தடத்தைச் சொல்லிக்கொண்டு போவார்.

அப்புறம் அந்தக் காலை. சர்ஜன் வந்தார். நாடி பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ராகவனின் தலையில் கை வைத்தார். மூக்குக் குழாயை எடுத்துவிடச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, "வாய்க்கு என்ன ஆசைப்படுகிறாரோ, கொடுங்கள் அம்மா. தண்ணீர், இளநீர், எது வேண்டுமானாலும்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வாரம் ஒரு சொட்டு கூடாது என்றவர் வாயாலேயே கொடு என்கிறார். அப்படியென்றால் ஆறிவிட்டது, கணையம் அடங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்? ராகவனின் காதில் குனிந்து, "குடிக்கலாமாம்" என்றேன். அவர் கண்ணைத் திறந்தார். "இளநீரா, தண்ணியா?" என்று கேட்டேன். "எளநி" என்றார்.

வராந்தாவில் அப்பா வந்துகொண்டிருந்தார். "அப்பா, குடிக்கக் கொடுக்கலாம்னுட்டாரு டாக்டர். குழாயைக் கூட எடுத்தாச்சு" என்று சொன்னேன். சிரித்துக்கொண்டு சொன்னேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். அப்படியே நின்றார். பிறகு, "அப்படியாம்மா. சரி. நீ போய் நல்லதா வாங்கிட்டு வா. நான் கிட்ட இருக்கேன்" என்றார்.

தேவராஜா மார்க்கெட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். வாசலிலேயே இளநீர் இருந்தது. அது வேண்டாம் என்று உள்ளே போய், குலையில் கைவைத்துத் தட்டிப் பார்த்து, வழுக்கை இல்லாத இளசாக வேண்டும் என்று கடைக்காரரை ஒரு பாடு படுத்தினேன். "யாருக்கம்மா?" என்றார். "எங்க வீட்டுக்காரருக்கு. இன்னைக்குத்தான் குடிக்கலாம்னு சொல்லியிருக்காங்க" என்றேன். "சரியாயிடும், எடுத்துட்டுப் போங்க" என்று அவரே பொறுக்கி இன்னொன்றும் சேர்த்துக் கொடுத்தார். வழியில் தெரிந்தவர்கள் இரண்டு பேரிடம் நின்று சொன்னேன். ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருந்த மஹாதேவாவிடம் சொன்னேன். அவர் எழுந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, என் பின்னாலேயே வந்து, அரிவாள் வாங்கி வந்து சீவிக் கொடுத்தார். தானாக உள்ளே வராதவர் அன்றைக்கு வந்தது சந்தோஷத்தால் என்று நினைத்தேன்.

அப்பாவுக்கு நான் சொன்ன மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. மஹாதேவாவுக்கும் தெரிந்துவிட்டது. சிஸ்டருக்கு முன்பே தெரியும். அந்த வார்டில், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்கிற அதன் அர்த்தம் தெரியாதவர்கள் நானும் அவரும்தான். யாரும் எனக்குச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்து சில நாள் கழித்து, வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது எனக்குத் தானாகப் புரிந்தது. சொல்லாமல் விட்டார்களே என்று அன்றைக்கு அப்பாவோடு சண்டை போட்டேன். இப்போது போடமாட்டேன்.

இளநீர் வாங்கி வந்த அன்று மத்தியானம் அவர் போவதற்கு முன்னால், அப்பா அவர் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் ஸ்பூனால் கொடுத்தேன். முதல் ஸ்பூன் உதட்டோரம் வழிந்தது. இரண்டாவது உள்ளே போயிற்று. தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். நெசவாளர் தன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"தித்திப்பா இருக்கு" என்றார். "இன்னும் கொஞ்சம் குடு."

நான் சிஸ்டரைப் பார்த்தேன், அதிகமாகிவிடுமோ என்று பயந்து. "கொடுங்க அக்கா" என்றார் சிஸ்டர். நான் சிரித்தபடியே அடுத்த ஸ்பூனை நிறைத்தேன்.